முதலுக்கே மோசம் வராமல்: போக்கர் ஆட்டக்காரர் பணத்தைப் பார்க்கும் விதம்

போக்கர் என்ற சீட்டாட்டத்தை ஆடியே பிழைப்பு நடத்துகிறவர்கள் பணத்தை இரண்டு பையில் வைத்திருப்பார்கள். ஒரு பை வீட்டுக்கு: வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவச் செலவு. இன்னொரு பை மேசைக்கு. இந்த இரண்டாவது பைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பேங்க்ரோல்’. இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் உருவாக்க வேண்டியதில்லை. கைமுதல் என்று நாம் சொல்வது இதைத்தான். வியாபாரி லாபத்தை எடுத்துச் செலவழிப்பார், கைமுதலைத் தொடமாட்டார். தொட்டால் மறுநாள் சரக்கு எடுக்க முடியாது. போக்கர் ஆட்டக்காரருக்கும் அதே கதைதான். கைமுதல் தீர்ந்த அன்று, அவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

முதலீடு பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இந்த ஒரே எண்ணத்தை மட்டும் எடுத்து விளக்கப் போகிறேன். அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் ‘எதை வாங்குவது’ என்று தொடங்கும். ‘எவ்வளவுக்கு வாங்குவது’ என்பது கடைசிப் பத்தியில் வரும், அல்லது வராமலேயே போகும். நல்ல போக்கர் ஆட்டக்காரர் இந்த வரிசையை மாற்றி வைத்திருக்கிறார். கையில் இருப்பதில் எத்தனை பங்கை இதில் வைக்கலாம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. முதலீட்டாளருக்கு அவரிடமிருந்து கிடைக்கும் மிகப் பெரிய பாடம் இது என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது யாரையும் போக்கர் ஆடச் சொல்லும் கட்டுரை அல்ல. மேசையை நடத்துபவர் பந்தயப் பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார். அதனால் ஆடுகிற எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான் வரும். ஒருவர் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்கள் அதைவிட அதிகமாகத் தோற்றாக வேண்டும். பல குடும்பங்களின் குடியைக் கெடுத்த ஆட்டம் இது. பங்குச் சந்தை அப்படிப்பட்டதல்ல. கம்பெனிகள் உழைத்து லாபம் ஈட்டும்போது பங்கு வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்தே வளர இடம் உண்டு. போக்கரில் ஒருவர் பத்து ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறார் என்றால், அவ்வளவு பாதகமான இடத்திலும் பணத்தை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவர் என்று பொருள். அந்த ஒழுங்குதான் நமக்கு வேண்டும்.

சீட்டு ஒன்றுதான், விலை வேறு

கைமுதலுக்குப் போகுமுன் ஒரே ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இடையிடையே பந்தயம் கட்டுவார்கள். கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, அவற்றில் ஐந்து சீட்டு ஒரே வகையாக, உதாரணத்துக்கு ஐந்தும் இஸ்பேடாக அமைந்தால் அது ‘ஃப்ளஷ்’, வலுவான கை.

உங்கள் கையில் இரண்டு இஸ்பேட். நடுவில் விழுந்த நான்கு சீட்டில் இரண்டு இஸ்பேட். கடைசிச் சீட்டும் இஸ்பேடாக வந்தால் ஜெயித்தீர்கள், வராவிட்டால் தோற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 52 சீட்டில் நீங்கள் பார்த்தவை 6, பார்க்காதவை 46. மொத்தம் 13 இஸ்பேடில் 4 கண்முன்னால் இருக்கின்றன, மீதி 9 எங்கோ இருக்கின்றன. ஆக 46-க்கு 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவான வாய்ப்பு.

நடுவில் 400 குவிந்திருக்கிறது. எதிராளி இன்னும் 100 வைக்கிறார். நீங்களும் 100 வைத்தால்தான் கடைசிச் சீட்டைப் பார்க்கலாம். வைக்கலாமா?

இதே கட்டம் 46 தடவை வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 தடவை 500 வரும், அது 4,500. 37 தடவை 100 போகும், அது 3,700. மிச்சம் 800. ஒரு தடவைக்குச் சராசரியாக 17 சொச்சம் லாபம். எனவே வைக்கலாம்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். நடுவில் 400-க்குப் பதில் 200 இருக்கிறது. எதிராளி வைப்பது அதே 100. ஜெயித்தால் 300 வரும். 9 தடவைக்கு 2,700 வரும், 37 தடவைக்கு 3,700 போகும். ஒரு தடவைக்குச் சராசரியாக 22 நஷ்டம். சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

உங்கள் கை மாறவில்லை, வாய்ப்பும் மாறவில்லை, விலை மட்டும் மாறியது. ‘இது நல்ல கையா?’ என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. ‘இந்த விலைக்கு இது நல்ல கையா?’ என்பதற்குத்தான் பதில் உண்டு. ‘அது நல்ல கம்பெனிதானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று யாராவது சொன்னால் இந்த இஸ்பேடை நினைத்துப் பாருங்கள். அருமையான கம்பெனியையும் நஷ்டம் வரும் விலைக்கு வாங்க முடியும்.

இப்படி எல்லா வாய்ப்புகளையும் எடைபோட்டு வரும் சராசரியை ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ என்பார்கள். போக்கர்காரர்களின் பேச்சில் இது மூச்சுக்கு மூச்சு வரும். இதில் சங்கடமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதல் கட்டத்தில் 100 வைத்தது சரியான முடிவு. ஆனாலும் ஐந்தில் நான்கு தடவை தோற்பீர்கள். தோற்றதும் பக்கத்தில் நிற்பவர் ‘அப்பவே சொன்னேனே’ என்பார். முடிவு சரியா தவறா என்பதை விளைவை வைத்து மட்டும் தீர்ப்பதற்குப் போக்கர் வட்டாரத்தில் ‘ரிசல்ட்டிங்’ என்று பெயர். ஆட்டக்காரராக இருந்து பிறகு முடிவெடுக்கும் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஆனி டியூக், இந்தச் சொல்லைப் போக்கருக்கு வெளியிலும் பரப்பியவர். சரியாக முடிவெடுத்துத் தோற்பதைவிட, தவறாக முடிவெடுத்து ஜெயிப்பதுதான் ஆபத்து. யாரோ சொன்னதைக் கேட்டு விசாரிக்காமல் வாங்கிய பங்கு ஆறு மாதத்தில் இரட்டிப்பானால், அடுத்த தடவை அதே வழியில் பத்து மடங்கு பணத்தை இறக்கத் தோன்றும்.

பூவா தலையா

இனி கைமுதல். ஒரு காகிதம், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு நாணயம். சுண்டினால் நூற்றுக்கு அறுபது தடவை தலை விழும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். தலை விழுந்தால் நீங்கள் வைத்த அளவு பணம் கூடுதலாகக் கிடைக்கும், பூ விழுந்தால் வைத்தது போய்விடும். கையில் 1,000 இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம். இதைவிடச் சாதகமான ஆட்டம் வாழ்க்கையில் யாருக்கும் எளிதில் கிடைக்காது.

ஆயிரம் பேர் இதை ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பது மொத்தத்தையும் தலையில் கட்டுகிறார்கள். பத்து சுற்று முடிந்ததும் என்ன ஆகும்? பத்தும் தலையாக விழுந்தவரிடம் மட்டுமே பணம் இருக்கும். அதற்கான வாய்ப்பு ஆயிரத்துக்கு ஆறு. அந்த ஆறு பேரிடம் ஆளுக்கு 10,24,000 இருக்கும். மற்ற 994 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இந்தப் பணத்தை ஆயிரம் பேருக்கும் சராசரி போட்டால் ஆளுக்கு ஆறாயிரத்துக்கு மேல் வரும்! ‘சராசரியாகப் பணம் ஆறு மடங்காகும்’ என்று விளம்பரமே செய்யலாம், அதில் பொய் இருக்காது. ஆனால் நீங்கள் அந்த ஆயிரம் பேரில் ஒருவர். உங்களுக்குக் கிடைக்கப்போவது சராசரி அல்ல. சராசரி நல்லதாக இருந்தால் போதாது, அந்தச் சராசரி நம்மிடம் வந்து சேரும்வரை நாம் மிச்சமிருக்க வேண்டும்.

மொத்தத்தையும் கட்டுவது முட்டாள்தனம் என்று யாருக்கும் தெரியும். கொஞ்சம் அடக்கமாக ஆடினால்? இங்கேதான் எனக்கே முதலில் நம்ப முடியாமல் போன கணக்கு வருகிறது. பத்து சுற்றில் எதிர்பார்த்தபடியே 6 தலை, 4 பூ விழுகின்றன. அதிர்ஷ்டமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு கட்டியவரின் 1,000 இப்போது 1,162 ஆகியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கட்டியவரிடம் 1,223. ஐந்தில் இரண்டு பங்கு கட்டியவரிடம் 976. பாதி கட்டியவரிடம் 712.

மறுபடி படியுங்கள். ஆட்டம் சாதகமானது. நாணயம் சொன்னபடியே விழுந்தது. அப்படியும் பாதிப் பணத்தைக் கட்டியவர் கால்வாசிக்கு மேல் இழந்துவிட்டார். அவர் தவறான நாணயத்தில் கட்டவில்லை, தவறான பக்கத்திலும் கட்டவில்லை. அளவு ஒன்றுதான் தவறு.

காரணம் சிக்கலானதல்ல. 1,000-ல் 40 சதவீதம் போனால் 600. அடுத்த தடவை 40 சதவீதம் வந்தாலும் 840-தான். ஒரு தோல்வி, ஒரு வெற்றி என்று சமமாகப் போனாலே 160 காணாமல் போகிறது. பத்து சதவீதம் கட்டியிருந்தால் 900 ஆகி 990-க்கு வந்திருக்கும், போனது 10 மட்டும். ஏறுவதும் இறங்குவதும் பெரிதாகப் பெரிதாக இந்தச் சேதாரம் வேகமாக வளரும். பாதி இழந்தவர் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும், 80 சதவீதம் இழந்தவருக்கு 400 சதவீதம்.

எவ்வளவு கட்டினால் நீண்ட காலத்தில் பணம் மிக வேகமாக வளரும் என்பதை 1956-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி என்ற விஞ்ஞானி சூத்திரமாக எழுதினார். வைத்த அளவே கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டத்தில் அது மிக எளிது: ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழிக்க வேண்டும். 60-லிருந்து 40 போனால் 20. மேலே 1,223 வந்தவர் கட்டியது அந்த 20 சதவீதம்தான். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1960-களில் இதை பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் பயன்படுத்தினார், பிறகு அதே முறையோடு பங்குச் சந்தைக்குப் போனார்.

ஆனால் நாணயத்தில் 60 என்று நிச்சயமாகத் தெரியும், சந்தையில் தெரியாது. 60 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 53 ஆக இருக்கலாம். அதனால் அனுபவசாலிகள் கெல்லி சொல்வதில் பாதியைத்தான் கட்டுவார்கள். பாதி கட்டினால் வளர்ச்சி வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைத்துவிடும், ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். மேலே 1,162 வந்தாரே, அவர் கட்டியது அப்படித்தான். எனக்கு அவருடைய வழிதான் பிடித்திருக்கிறது.

படித்தவர்கள் இதில் தவற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி இருவரும் இதே 60-40 நாணயத்தைக் கணினியில் அமைத்து 61 பேரை ஆட வைத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆடியவர்கள் பொருளாதாரம், நிதி படிக்கும் மாணவர்களும் நிதித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்களும். ஆளுக்கு 25 டாலர், அரை மணி நேரம். நூற்றுக்கு 28 பேர் மொத்தத்தையும் இழந்தார்கள். தலைதான் அதிகம் விழும் என்று முன்கூட்டியே சொல்லியும், மூன்றில் இரண்டு பேர் ஏதோ ஒரு கட்டத்தில் பூவில் கட்டினார்கள்.

இந்த ஹகானி யார் என்று தெரிந்தால் சோதனையின் கனம் புரியும். ‘லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட்’ என்ற நிதியத்தின் நிறுவனப் பங்குதாரர்களில் அவரும் ஒருவர். 1997-ல் பொருளாதார நோபல் பெற்ற மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் அங்கே இருந்தார்கள். ஆனால் தங்கள் முதலைப்போல் 25 மடங்குக்கும் மேல் கடன் வாங்கி இறக்கியிருந்தார்கள். 1998-ல் ரஷ்யா கடனைத் திருப்ப முடியாமல் தடுமாறியபோது சந்தை அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி முன்னின்று பெரிய வங்கிகளை ஒன்றுசேர்த்து, ஏறக்குறைய 360 கோடி டாலர் போட வைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தது. கடன் வாங்கி முதலீடு செய்வதென்றால், கைமுதலைவிடப் பெரிய பந்தயத்தைக் கைமுதலை வைத்தே கட்டுவது. மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேசையில் இதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்

ஆட்டக்காரர்கள் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. எளிய விதியாக வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன், 2006-ல் ஒரு சவாலை எடுத்துக்கொண்டார். ஒரு காசுகூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, இணையத்தில் 10,000 டாலர் சேர்த்துக் காட்டுவது. அவர் தனக்கு வகுத்துக்கொண்ட விதிகள்: எந்த மேசையிலும் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. பலர் ஆடும் பெரிய போட்டிகளுக்கு 2 சதவீதம்தான். மேசையில் இருக்கும் தன் பணம் வளர்ந்து கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட வேண்டும் என்ற இந்தக் கடைசி விதிதான் கடைப்பிடிக்க ஆகக் கடினம். ஒன்றரை ஆண்டுக்குள் இலக்கைத் தொட்டார். முதலீட்டில் இதற்கு நேரான வேலையும் உண்டு: ஒரு பங்கு வளர்ந்து மொத்தச் சேமிப்பில் பெரும்பகுதியாகிவிட்டால் கொஞ்சம் விற்றுப் பிரித்து வைப்பது.

இந்த விதி இல்லாமல் திறமை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டூ உங்கர் சாட்சி. போக்கர் ஆடியவர்களில் அவரைப் போன்ற மூளை அபூர்வம் என்று கூட ஆடியவர்களே சொல்வார்கள். 1980, 1981, 1997 என்று மூன்று தடவை உலகச் சாம்பியன். 1997 போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதைக் கட்ட அவரிடம் பணம் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற இன்னொரு ஆட்டக்காரர் கட்டினார். உங்கர் ஜெயித்த 10 லட்சம் டாலரில் பாதி பாக்ஸ்டருக்குப் போனது, மீதி குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போதையிலும் கரைந்தது. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்துகிடந்தார். வயது 45. இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் பணம் வசூலித்தார்கள். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. மேசையில் எதிராளியின் கையை அவ்வளவு துல்லியமாகப் படித்தவருக்கு இரண்டு பை இல்லை. ஒரே பைதான், அதில் ஓட்டை.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். ஆண்டி பீல் என்ற டெக்சாஸ் வங்கி முதலாளி 2001-க்கும் 2006-க்கும் இடையில் லாஸ் வேகாஸ் வந்து, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தனித்தனியே அழைத்து ஆடினார். அவர்கள் தன்னைவிடத் திறமைசாலிகள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பந்தய அளவை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அது 1,00,000 – 2,00,000 டாலர் வரை போனது. தொகை பெரிதானால் எதிராளிக்குக் கை நடுங்கும், நடுங்கினால் திறமை பாதியாகும் என்பது அவர் கணக்கு. என்னைக் கேட்டால் கூர்மையான கணக்கு. ஆட்டக்காரர்கள் அதற்குக் கண்ட வழி: எல்லோரும் கைமுதலை ஒன்றாகச் சேர்த்தார்கள். யார் உட்கார்ந்து ஆடினாலும் லாப நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. தனி ஒருவருக்கு உயிர்போகும் தொகை, பலருக்குள் பிரிந்தபோது தாங்கக்கூடியதானது. 2006 பிப்ரவரியில் பீல் ஒரு கட்டத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் ஜெயித்தார். பிறகு அந்தக் கூட்டணிக்காக உட்கார்ந்த ஃபில் ஐவி மூன்று நாளில் அவரிடமிருந்து 1 கோடியே 66 லட்சம் டாலர் எடுத்தார். முதலீட்டில் பணத்தைப் பல இடங்களில் பிரித்து வைக்கச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். ஒரே அடியில் விழாமல் இருக்க.

எவ்வளவு காலம் பொறுப்பது

‘சரியாக ஆடினால் கடைசியில் ஜெயிக்கலாம்’ என்பதில் அந்தக் ‘கடைசி’ எப்போது என்பதை யாரும் சொல்வதில்லை. போக்கரில் கணக்குப் போடலாம். சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்றை ஒரு ‘கை’ என்பார்கள். 100 கை ஆடினால் சராசரியாக 5 அலகு சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் ஒருவர். ஒவ்வொரு 100 கையிலும் ஏற்ற இறக்கம் 90 அலகு என்பது வழக்கமான அளவுதான். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 30 கை என்று, தினமும் எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு மாதம் ஆடினால் 10,000 கை தேறும். அப்போதும் அவர் நஷ்டத்தில் இருக்க ஏறக்குறைய பத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர், இரண்டு மாதம், முழுநேர உழைப்பு, அப்படியும்!

சந்தையில் இன்னும் நீளம். 2000 முதல் 2009 வரை பத்து ஆண்டு, அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ்&பி குறியீடு டிவிடெண்டை, அதாவது கம்பெனிகள் தரும் லாபப் பங்கைச் சேர்த்துமே நஷ்டத்தில் முடிந்தது. அதற்கடுத்த பத்தாண்டில் அதே குறியீடு பிரமாதமாக ஏறியது. முதல் பத்தாண்டின் கடைசியில் வீட்டுச் செலவுக்காக விற்க நேர்ந்தவருக்கு இரண்டாம் பத்தாண்டு கிடைக்கவில்லை. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பைகளின் பயன் இதுதான். பல மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால்தான் மற்றதை அதன் போக்கில் விட முடியும். ‘பொறுமை வேண்டும்’ என்று அறிவுரை சொல்வது சுலபம். பொறுமை குணம் மட்டுமல்ல, அதற்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நஷ்டம் தொடரும்போது மனிதருக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, ‘டில்ட்’. பந்தைத் தட்டி விளையாடும் பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் ஆட்டினால் அது நின்றுபோய் இந்தச் சொல்லைக் காட்டும், அங்கிருந்து வந்தது. தமிழில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் உண்டு: ‘விட்டதைப் பிடிக்கணும்’. இந்த வாக்கியம் மனதுக்குள் ஓடத் தொடங்கியதும் அளவு தெரியாமல் போகும். 100 வைத்தவர் 500 வைப்பார். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் ஆராய்ந்து சொன்னார்கள். அந்த வலியோடு எடுக்கும் முடிவு யாருக்கும் சரியாக வராது. தொழில்முறை ஆட்டக்காரர் தன்னை நம்புவதில்லை. ‘இன்று இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன்’ என்று உட்காருமுன்பே எழுதி வைக்கிறார். நல்ல மனநிலையில் இருக்கும்போது எழுதியதை மோசமான மனநிலையில் இருக்கும்போது கடைப்பிடிக்கிறார், அவ்வளவுதான். முதலீட்டாளரும் வாங்கும் அன்றே ஒரு வரி எழுதி வைக்கலாம்: எதற்காக வாங்கினேன், எது நடந்தால் விற்பேன்.

மேசைக்காரரின் பங்கு

மேசை நடத்துபவர் எடுக்கும் பங்குக்கு ‘ரேக்’ என்று பெயர். ஒரு கைக்குப் பார்த்தால் சில்லறை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பல நல்ல ஆட்டக்காரர்களின் லாபம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். முதலீட்டில் இதன் பெயர் நிர்வாகக் கட்டணம், தரகு. 1,00,000 ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டில் ஏறக்குறைய 7,61,000 ஆகும். கட்டணமாக ஒரு சதவீதம் போய் 6 சதவீதம் வளர்ந்தால் 5,74,000. ‘ஒரு சதவீதம்தானே’ என்று விட்டது கால்வாசியைக் கொண்டுபோய்விட்டது.

எந்த மேசையில் உட்காருவது என்பதும் கைமுதலைக் காக்கும் வேலைதான். அரை மணி நேரம் ஆடியும் இங்கே ஏமாளி யார் என்று தெரியவில்லை என்றால் நீதான் அந்த ஏமாளி என்று போக்கரில் ஒரு வழக்கு உண்டு. வாரன் பஃபெட் 1987-ஆம் ஆண்டுக்கான தன் பங்குதாரர் கடிதத்தில் இதை எடுத்துச் சொன்னார். காலையில் வாங்கி மாலையில் விற்கும் வணிகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்? 1987-ல் போக்கர் ஆட்டக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சஸ்க்வெஹானா என்ற வணிக நிறுவனம், தன் பணியாளர்களின் பயிற்சியில் போக்கரையும் பயன்படுத்துகிறது. முழுநாளும் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அந்த மேசையில் இருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் வந்த கையில் நான்கில் மூன்றை ஆடாமலே கீழே வைப்பார். ஆரம்பநிலை முதலீட்டாளர் அந்த மேசையில் உட்காராமல், சந்தை முழுவதையும் குறைந்த கட்டணத்தில் வாங்கித்தரும் குறியீட்டு நிதியோடு நின்றுகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

கடைசியாக, எல்லா விதிகளையும் கடைப்பிடித்தும் அடிபட ஒரு வழி இருக்கிறது. பணம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. ஃபெர்குசன் தன் சவாலை ஆடியது ‘ஃபுல் டில்ட்’ என்ற இணையதளத்தில். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித் துறை அதையும் வேறு இரண்டு பெரிய தளங்களையும் முடக்கியது. பிறகு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்ன கணக்கின்படி, அந்த ஆண்டு மார்ச் முடிவில் அந்தத் தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ ஏறக்குறைய 6 கோடி. ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியே வைக்கவில்லை. திரையில் கணக்கு இருப்பு காட்டியது, ஆனால் எடுக்க முடியவில்லை. ஐந்து சதவீத விதியைத் தவறாமல் கடைப்பிடித்தவரின் பணமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப வரத் தொடங்கியது 2014 பிப்ரவரியில்.

உங்கள் பங்குகள் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றனவா, தரகு நிறுவனம் உங்கள் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கிறதா, அந்த நிறுவனம் நாளை மூடினால் உங்கள் பங்குகளை யாரிடம் கேட்டு வாங்குவது: முதல் பங்கை வாங்குவதற்கு முன் இந்த மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.